ஒரு பாட்டிலுக்குள் இருபதாயிரம் பேர்

ரையன் ஒயிட் என்ற பேரை நம்ம பேட்ச்ல பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். எண்பதுகளின் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிஞ்ச பேர் அது. மைக்கேல் ஜாக்சன் அவனுக்கு ஒரு சிவப்பு மஸ்டாங் கார் வாங்கிக் கொடுத்தார். அவனோட இறுதிச் சடங்கில் எல்டன் ஜான் பியானோ வாசிச்சுப் பாடினார். இந்த ரெண்டு தகவலையும் யூடியூப்ல யார் வேணும்னாலும் எடுத்துடலாம். நான் எழுத வந்தது வேற விஷயம். அவன் உயிரோட இருக்கணும்னு அம்மா வாரா வாரம் ஏற்றிய மருந்துதான் அவனோட நோய் எதிர்ப்புச் சக்தியை அழிச்சது. அது எப்படி நடந்தது, அதுக்கு அப்புறம் அவன் என்ன செஞ்சான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

(18 வயசில் இறந்துபோன ஒரு பையனை 'அவர்' என்று எழுத கை வரல. மன்னிச்சுக்கோங்க.)

1971 டிசம்பர் 6. இந்தியானா மாநிலத்தில் கொக்கோமோ என்ற சின்ன ஊர். கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ற ஊர். ரையனோட அம்மா ஜீன், ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். பிறந்த ஆண் குழந்தைகளுக்கு அமெரிக்காவில் வழக்கமா செய்யும் முன்தோல் நீக்கத்தை ரையனுக்கும் செஞ்சாங்க. ரத்தம் நிற்கவே இல்லை. பிறந்த மூணாவது நாளே தெரிஞ்சுபோச்சு, குழந்தைக்குத் தீவிரமான ஹீமோஃபீலியா ஏ.

ஹீமோஃபீலியான்னா விரலில் சின்ன வெட்டு பட்டாலே ரத்தம் ஓடிச் செத்துடுவாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சின்ன வெட்டை பிளேட்லெட்டுகள் ஓரளவு சமாளிச்சுடும். ஆபத்து உள்ளுக்குள்ள. முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள் ரத்தம் கசியும். வீங்கும், வலிக்கும், திரும்பத் திரும்ப நடந்தா மூட்டே தேய்ஞ்சுடும். மூளைக்குள் கசிஞ்சா உயிரே போகும். ரத்தம் உறையறதுக்கு ஒரு புரதம் அடுத்ததை எழுப்பி, அது அடுத்ததை எழுப்பின்னு ஒரு சங்கிலி இருக்கு. அதில் எட்டாம் எண் புரதம், ஃபேக்டர் 8, இவங்களுக்கு இல்லை அல்லது ரொம்பக் குறைவு. தீவிர வகைன்னா சாதாரண அளவில் 1 சதவீதம்கூட இருக்காது. இதுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கறதால பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் வரும். சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருத்தருக்கு.

1960-க்கு முன்னாடி தீவிர ஹீமோஃபீலியா உள்ள பலர் 20 வயசைத் தாண்டல. 1964-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் கிரஹாம் பூல் என்ற பெண் விஞ்ஞானி ஒரு எளிமையான விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. உறைய வைத்த பிளாஸ்மாவை ஃபிரிட்ஜ் குளிர்ச்சியிலேயே மெதுவா உருக விட்டா, அடியில் ஒரு பிசுபிசுப்பான படிவு தங்கும். ஃபேக்டர் 8 அதில்தான் செறிவா இருக்கும். அதுக்குப் பேர் கிரையோபிரெசிபிடேட், சுருக்கமா கிரையோ. ஒரு பை, ஒரு டோனர். ஆனா அதை ஃபிரீசரில் வைக்கணும், பல பைகளை உருக்கி ஏற்றணும், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கே போகணும்.

ரையன் பிறந்த காலத்தில் அடுத்த கட்டம் வந்துடுச்சு. ஆயிரக்கணக்கான பேரின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலந்து, ஃபேக்டர் 8-ஐப் பிரிச்சு, உலர்த்தி, வெள்ளைப் பொடியா சின்ன பாட்டிலில் அடைச்சாங்க. தண்ணி கலந்து ஊசியில் எடுத்து வீட்டிலேயே நரம்பில் ஏத்திக்கலாம். ஏத்தின ஃபேக்டர் சுமார் 12 மணி நேரத்தில் பாதி காலியாகிடும், அதனால திரும்பத் திரும்ப ஏத்தணும். இருந்தாலும் இது எவ்ளோ பெரிய விடுதலைன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்கூலுக்குப் போகலாம், டூர் போகலாம். ரையன் பேப்பர் போடும் வேலைகூடப் பார்த்தான். அப்பா அம்மா பிரிஞ்ச பிறகு ஜீன், ரையன், தங்கச்சி ஆண்ட்ரியா. சாதாரண குடும்பம்.

இப்போ நம்ம ஆட்களுக்குப் பிடிச்ச பகுதி. பிராபபிலிட்டி பேப்பரில் படிச்சதை கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. ஒரு பேச்சுக்கு, 10,000 டோனர்களில் ஒருத்தருக்கு ஏதோ ஒரு கிருமி இருக்குன்னு வைப்போம். கிரையோ எடுத்துக்கறவர் வருஷத்துக்கு 500 பை ஏத்தினா, அந்தக் கிருமி அவரைத் தொடும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். 20,000 பேரின் பிளாஸ்மாவைக் கலந்த தொட்டியில் அது குறைஞ்சது ஒரு தடவையாவது இருக்கும் வாய்ப்பு? ஒன்றிலிருந்து 0.9999-இன் இருபதாயிரமாவது அடுக்கைக் கழிங்க. 86 சதவீதம். அதுவும் ஒரே ஒரு லாட்டுக்கு. மூணு வெவ்வேறு லாட் வாங்கினாலே 99-ஐத் தாண்டிடும். எண்கள் என்னோட கற்பனைதான். ஆனா சில தொட்டிகள் நிஜமாவே 20,000 பேருக்கு மேல கலந்தவை. கொடுத்தவங்களில் பலர் காசுக்காக பிளாஸ்மா விற்றவங்க, சிறைக் கைதிகளும் உண்டு. மஞ்சள் காமாலைக் கிருமி இந்த வழியில் பரவுதுன்னு எழுபதுகளிலேயே எல்லாருக்கும் தெரியும். மருந்து கொடுக்கும் பலனுக்கு அது தாங்கிக்க வேண்டிய விலைன்னு விட்டுட்டாங்க.

1982 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டது. மூணு ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு, எதிர்ப்புச் சக்தி சிதைஞ்சவங்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு வகை நிமோனியா. அடுத்த ஜனவரியில் வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவா ஒரு விஷயத்தைக் காட்டின. நம்ம உடம்பின் பாதுகாப்புப் படையில் உத்தரவு போடுற டி செல்கள் உண்டு, அடக்கி வைக்கிற டி செல்களும் உண்டு. பொடி மருந்து எடுத்துக்கிட்டவங்களில் பலருக்கு, வெளியில் ஆரோக்கியமா இருந்தவங்களுக்கும்கூட, இந்த ரெண்டுக்கும் உள்ள விகிதம் தலைகீழா மாறியிருந்தது. கிரையோ எடுத்தவங்களுக்கு அது பெரும்பாலும் சரியா இருந்தது. வைரஸ் இன்னும் கண்டுபிடிக்கப்படாத நேரம் அது. அந்நியப் புரதத்தைத் திரும்பத் திரும்ப ஏத்தறதால எதிர்ப்பு மண்டலம் களைச்சுப் போயிருக்கலாம்னு சிலர் விளக்கினாங்க. அது முட்டாள்தனமான ஊகம்னு சொல்ல முடியாது. ஃபேக்டர் 8-ஐயே எதிரின்னு நினைச்சு உடம்பு தாக்குற பிரச்சினை இன்னைக்கும் தீவிர வகை நோயாளிகளில் கால்வாசிப் பேருக்கு மேல வருது. ஆனா இந்த விளக்கம் எல்லாருக்கும் வசதியா இருந்தது. புரதம்தான் காரணம்னா யாரும் தொட்டியை நிறுத்த வேண்டாம் இல்லையா?

1983 ஜனவரி 4, அட்லாண்டாவில் மருத்துவர்கள், ரத்த வங்கிகள், கம்பெனிகள், நோயாளி அமைப்புகள் எல்லாரும் கூடினாங்க. டோனர்களை மஞ்சள் காமாலைப் பரிசோதனை வழியா வடிகட்டினா இந்தப் புது நோயையும் பெருமளவு தடுக்கலாம்னு ஒரு யோசனை வந்தது. செலவு அதிகம், ஆதாரம் குறைவுன்னு மறுப்பு வந்தது. கூட்டம் முடிவு எடுக்காமலே கலைஞ்சது.

எனக்கு இதில் தாங்க முடியாத பகுதி, சூடு. ஆல்புமின் என்ற பிளாஸ்மா புரதத்தை 60 டிகிரியில் 10 மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்குவது 1940-களிலேயே நடந்துச்சு. ஃபேக்டர் 8 அவ்ளோ தாங்காது, சூட்டில் சிதையும், உற்பத்தி அளவு குறையும். பொடியாக்கின பிறகு சூடாக்கலாம், சர்க்கரை போன்ற பொருள் சேர்த்தா புரதம் தாங்கும். இந்த வழிகளை முயற்சி செஞ்சு 1983 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் சூடாக்கிய ஃபேக்டர் 8-க்கு அனுமதி கிடைச்சது. நோக்கம் மஞ்சள் காமாலை. எய்ட்ஸ் வைரஸும் அதே சூட்டில் செத்துடுதுன்னு 1984 அக்டோபரில் உறுதியாச்சு, இனி சூடாக்கின மருந்தையே கொடுங்கன்னு பரிந்துரை வந்தது. அதுக்கப்புறமும் பழைய ஸ்டாக் விற்பனை நிக்கல. அமெரிக்காவில் புது மருந்து விற்றுக்கொண்டே ஹாங்காங், தைவான் போன்ற இடங்களுக்குப் பழையதை அனுப்பிய கதை 2003-ல்தான் பத்திரிகைகளில் வெளிவந்தது. டிசைன் ரிவ்யூவில் 'ஈல்டு குறையும் சார்' என்ற ஒரு வரி எத்தனை தடவை ஜெயிக்குதுன்னு பிராசஸ் இண்டஸ்ட்ரிக்குப் போகப்போற நண்பர்கள் யோசிச்சு வெச்சுக்கோங்க.

அமெரிக்காவில் சுமார் 16,000 ஹீமோஃபீலியா நோயாளிகள். அதில் பாதிக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்றினது.

ரையனுக்கு 1984 டிசம்பரில் நிமோனியா. 17-ஆம் தேதி நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துச் சோதிச்சாங்க. எய்ட்ஸ். ஆரோக்கியமானவங்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல இருக்க வேண்டிய டி செல்கள் அவனுக்கு 25. ஆறு மாசம் கெடு சொன்னாங்க. அவனுக்கு வயசு 13.

ஆறு மாசத்தில் அவன் சாகல. உடம்பு தேறினதும் அவனுக்கு ஒரே ஆசை, ஸ்கூலுக்குப் போகணும். (அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்கு மேல ஒரு நாள்கூட விரயம் பண்ணக்கூடாதுன்னு கணக்குப் போடுற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.) ரஷ்யாவில் என்ற பக்கத்து ஊரில் இருந்த வெஸ்டர்ன் மிடில் ஸ்கூல் அவனைச் சேர்க்க மறுத்தது. 117 பெற்றோரும் 50 ஆசிரியர்களும் அவனை விடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டாங்க. மாநில சுகாதார ஆணையர் வுட்ரோ மயர்ஸ், கூட உட்காருவதாலோ பேசுவதாலோ இது பரவாதுன்னு சொல்லியும் பலன் இல்லை. 1985 ஆகஸ்டில் ஸ்கூல் திறந்தப்போ ரையன் வீட்டில் படுக்கையில் இருந்தபடி டெலிபோன் வழியா பாடம் கேட்டான். நாம லாக்டவுனில் செஞ்சதுதான். வித்தியாசம் என்னன்னா, நாம எல்லாருமே வீட்டில் இருந்தோம். அவன் மட்டும் தனியா வெளியே இருந்தான்.

அந்தப் பெற்றோரை வில்லன்களாக்கி எழுதுவது சுலபம். டிவியைத் திறந்தா சாவுச் செய்தி, மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. பயம் வந்ததில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பயம் எங்கே போய் நின்றது பாருங்க. 20,000 பேரின் ரத்தத்தை ஒண்ணாக் கலந்த தொட்டியைப் பார்த்து வராத பயம், ஒரு பையனோட கையைக் குலுக்க வந்தது. சர்ச்சில் ஈஸ்டர் அன்று அவன் நீட்டின கையை யாரும் தொடல. அவன் பேப்பர் போட்ட வீடுகளில் சிலர் சந்தாவை நிறுத்தினாங்க. கடையில் காய்கறி மேல துப்பறான்னு வதந்தி. அவன் சாப்பிட்ட தட்டை ஹோட்டல்காரங்க குப்பையில் போட்டாங்க.

குடும்பம் வழக்குப் போட்டது. 1985 நவம்பரில் மாநிலக் கல்வித் துறை அவனுக்குச் சாதகமா சொன்னது. மேல்முறையீடு, மறுபடி விசாரணை. 1986 பிப்ரவரி 21 அன்று ஸ்கூலுக்குள் கால் வெச்சான். 360 மாணவர்களில் 151 பேர் அன்னைக்கு வரல. அன்று மாலைக்குள்ளேயே ஒரு நீதிபதி தடை உத்தரவு போட்டார். ஏப்ரல் 10-ல் அது நீங்கினது, திரும்பப் போனான். தனிக் கழிப்பறை, தூக்கிப் போடுற தட்டு, ஸ்பூன், விளையாட்டு வகுப்பு கிடையாதுன்னு நிபந்தனைகள். எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க. அப்படியும் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குத் தனியா வேற ஸ்கூலே ஆரம்பிச்சுட்டாங்க. லாக்கரில் அசிங்கமா எழுதினாங்க. ஒரு நாள் வீட்டு ஹால் ஜன்னல் வழியா ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்சது. நல்லவேளை வீட்டில் ஆள் இல்லை. ஊரை விட்டுக் கிளம்பினாங்க.

போன இடம் சிசெரோ. எல்டன் ஜான் அங்கே வீடு வாங்கப் பணம் கொடுத்து உதவினார். 1987 ஆகஸ்ட் 31, ஆர்கேடியா என்ற ஊரில் இருந்த ஹாமில்டன் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் முதல் நாள். பிரின்சிபால் டோனி குக் வாசலில் நின்று கை குலுக்கினார். மாணவர்களும் கை குலுக்கினாங்க. அது தானா வந்த பெருந்தன்மைன்னு நினைச்சுடாதீங்க. அவன் வர்றதுக்கு முன்னாடியே எய்ட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாதுன்னு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தாங்க. பசங்க வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குப் புரிய வெச்சாங்க.

இதே வாரம், ஆகஸ்ட் 28 அன்று, ஃப்ளோரிடாவில் ஆர்கேடியா என்றே பேர் கொண்ட இன்னொரு ஊரில் ரே குடும்பத்தின் வீடு எரிஞ்சுபோச்சு. ரிக்கி, ராபர்ட், ராண்டி. மூணு சகோதரர்கள், மூணு பேருக்கும் ஹீமோஃபீலியா, மூணு பேருக்கும் ஃபேக்டர் வழியா எச்.ஐ.வி. நீதிமன்ற உத்தரவோட ஸ்கூலுக்குத் திரும்பின பசங்க. ஒரே பேர், ஒரே நோய், மூணு நாள் இடைவெளி. முதலில் படிச்சப்போ தேதியைத் தப்பா பார்த்துட்டேனோன்னு திரும்பச் சரிபார்த்தேன்.

அதுக்கப்புறம் ரையன் ஊர் ஊரா பேசினான். 1988 மார்ச்சில் ஜனாதிபதி அமைச்ச எய்ட்ஸ் ஆணையத்தின் முன்னாடி உட்கார்ந்து, கொக்கோமோவில் நடந்ததையும் சிசெரோவில் நடந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வெச்சுச் சொன்னான். அவன் கதை 1989 ஜனவரியில் டிவி படமா வந்தது. அதில் ரையனே ஒரு சின்ன வேஷம் போட்டான், தன்னைப் போலவே எச்.ஐ.வி. உள்ள வேறொரு பையனா.

பத்திரிகைகள் அவனை அப்பாவிப் பலியாள்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தன. அந்தப் பட்டம் அவனுக்கும் அம்மாவுக்கும் பிடிக்கல. இவன் அப்பாவின்னா, உடலுறவு வழியாவோ போதை ஊசி வழியாவோ இதே வைரஸ் வந்தவங்க குற்றவாளிகளா? அவன் தனக்கு வந்த அனுதாபத்தை மத்தவங்களை அடிக்கும் தடியா மாத்த விடல. அவன் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியறது இதுதான், வழக்கில் ஜெயிச்சதைவிட.

1990 மார்ச் 29-ல் மூச்சுக்குழாய்த் தொற்றோடு இண்டியானாபொலிஸில் உள்ள ரைலி குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தாங்க. வென்டிலேட்டர். எல்டன் ஜான் வந்து கடைசி வாரம் முழுக்க கூடவே இருந்தார். ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை ரையன் இறந்தான். 18 வயசு. ஆறு மாசம்னு சொன்ன உடம்பு அஞ்சு வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சது. ஸ்கூல் முடிச்சுப் பட்டம் வாங்க ஒரு மாசமோ என்னமோதான் பாக்கி. இறுதிச் சடங்குக்கு 1,500 பேருக்கு மேல வந்தாங்க. அடுத்த ஒரு வருஷத்தில் அவன் கல்லறையை நாலு தடவை சேதப்படுத்தினாங்க என்பதையும் சொல்லிடணும்.

ஆகஸ்டில் அவன் பேரிலேயே ஒரு சட்டம் நிறைவேறியது. காசில்லாத, காப்பீடில்லாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் சட்டம். இன்னைக்கும் வருஷத்துக்கு 5 லட்சம் பேருக்கு மேல அதில் பயன் பெறுறாங்க. எந்த வழியில் தொற்றினதுன்னு அங்கே யாரும் பார்க்கறதில்லை.

ஃபேக்டர் 8 மரபணுவைப் பிரிச்செடுத்த செய்தி வெளியானது 1984 நவம்பர், ரையனுக்கு எய்ட்ஸ்னு தெரிய ஒரு மாசம் முன்னாடி. அதை வெச்சு மனித ரத்தத்துக்குப் பதிலா செல் வளர்ப்பில் தயாரிச்ச ஃபேக்டருக்கு 1992 டிசம்பரில் அனுமதி கிடைச்சது. நம்ம வேலூர் சி.எம்.சி.யில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லுக்குள்ளேயே அந்த மரபணுவை வெச்சுத் திரும்ப ஏத்தி, அஞ்சு பேருக்கு ஃபேக்டர் 8 தானா சுரக்க வெச்ச ஆய்வு 2024-ல் வெளியானது.

சிசெரோவில் ரையன் இருந்த ரூமை இண்டியானாபொலிஸ் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் அப்படியே திரும்ப அமைச்சிருக்காங்க. அம்மா ஜீன்தான் பொருட்களைக் கொடுத்தார். கட்டில், சுவரில் போஸ்டர், பொம்மைகள். அதே கூடத்தில் ஆன் ஃபிராங்குக்கும் ரூபி பிரிட்ஜஸுக்கும்கூட இடம் இருக்கு. ஸ்கூல் பசங்க பஸ்ஸில் வந்து பார்த்துட்டுப் போறாங்க.